குறட்டை விடும் குழந்தைக்கு ஆபரேஷன்: மார்க்குக்கா, மூச்சுக்கா?

குழந்தை குறட்டை விட்டால் வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். "அப்படியே தாத்தா மாதிரி!" என்று பெருமை வேறு. விளையாடின களைப்பு, அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறான் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தக் குறட்டை சட்டென்று நின்று, சில விநாடிகள் சத்தமே இல்லாமல் போய், பிறகு ஒரு திணறலோடு திரும்பி வந்தால்? அந்தச் சில விநாடிகள் குழந்தைக்குக் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம்.

இதற்குப் பெயர் அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா. தமிழில் சொன்னால் தூக்கத்தில் மூச்சடைப்பு. சுமாராக 100 குழந்தைகளில் 1 முதல் 5 பேருக்கு இது இருக்கிறது. முக்கியக் காரணம், தொண்டையின் இரண்டு பக்கமும் இருக்கும் டான்சிலும் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டும்தான். 2 முதல் 8 வயது வரை மூச்சுப் பாதையின் அளவுக்கு இந்தச் சதைகள் பெரிதாக இருக்கும். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் வழியைத் திறந்து வைத்திருக்கும். தூங்கியதும் அவை தளர, வழி அடைபடுகிறது.

அடைபடும்போது மூளை குழந்தையை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. ஒரே இரவில் பல முறை! தூக்கம் கெட்ட பெரியவர்கள் பகலில் தூங்கி வழிவார்கள். குழந்தைகளில் பலர் இதற்கு நேர்மாறு. ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள், எரிந்து விழுவார்கள், பாடத்தில் கவனம் இருக்காது. சிலர் படுக்கையை நனைப்பார்கள். வகுப்பில் "வால்" என்று திட்டு வாங்குவது மட்டும் தவறாது.

டான்சில், அடினாய்டு பெரிதாக உள்ள குழந்தைகளுக்கு முதல் சிகிச்சை அவற்றை எடுத்துவிடும் ஆபரேஷன்தான் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2002லும் 2012லும் சொல்லியிருக்கிறது. சரி, இதில் சண்டை எங்கே வருகிறது? மார்க்கில்தான்.

1998இல் அமெரிக்காவில் டேவிட் கோசல் என்ற மருத்துவர், முதல் வகுப்பில் மார்க் வரிசையில் கடைசி 10 சதவீதத்தில் இருந்த 297 குழந்தைகளைப் பரிசோதித்தார். 54 பேருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. அதில் ஆபரேஷன் செய்துகொண்ட 24 பேரின் மார்க் அடுத்த வருடம் ஏறியது. செய்துகொள்ளாதவர்களுக்கு ஏறவில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் வேண்டுமா என்று முடிவு செய்தது பெற்றோர்கள். அக்கறை அதிகமுள்ள வீடுகளே ஆபரேஷனுக்கும் போயிருக்கலாம், வீட்டுப்பாடத்தையும் பார்த்திருக்கலாம் இல்லையா?

அந்தச் சந்தேகம் வராதபடி, 5 முதல் 9 வயதுள்ள 464 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2013இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், மறுபிரிவுக்குக் கண்காணிப்போடு காத்திருத்தல். 7 மாதம் கழித்துக் கவனத்திறன் சோதனையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை! ஆனால் நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றில் ஆபரேஷன் ஆனவர்கள் நன்றாக முன்னேறியிருந்தார்கள். தூக்கப் பரிசோதனை சரியானது அவர்களில் 79 சதவீதம் பேருக்கு. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குச் சரியானது.

இதைப் பார்த்து "மார்க் ஏறாதா? அப்புறம் எதற்குக் கத்தி?" என்பவர்களும் உண்டு. இது தவறான கேள்வி. மூச்சுத் திணறும் ஒரு பெரியவரிடம் "சிகிச்சை எடுத்தால் சம்பளம் ஏறுமா?" என்று யாராவது கேட்பார்களா? குழந்தை நிம்மதியாகத் தூங்குவதே ஒரு பலன்தானே. அதை ரிப்போர்ட் கார்டில் தேட வேண்டியதில்லை.

அதற்காக, குறட்டை விடும் எல்லாக் குழந்தையையும் ஆபரேஷன் மேசையில் படுக்க வைக்கச் சொல்லவில்லை. அந்த 46 சதவீதத்தையும் மறக்கக் கூடாது. கோளாறு லேசாக இருந்தால் மருத்துவரின் கண்காணிப்பில் சில மாதம் காத்திருப்பதில் தவறில்லை. ஆனால் கடுமையான மூச்சடைப்பு உள்ள குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கும் "காத்திருக்கலாம்" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

ஆபரேஷனிலும் ஆபத்து உண்டு. ஒரு வாரம் பத்து நாள் கழித்துக்கூட ரத்தம் கசியலாம். அப்படிக் கசிந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 3 வயதுக்குக் குறைந்தவர்களையும் கடுமையான மூச்சடைப்பு உள்ளவர்களையும் ஓர் இரவாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த ஆபரேஷனுக்குப் பின் வலிக்குக் கோடீன் கொடுக்கப்பட்டுக் குழந்தைகள் இறந்ததால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை விட்டது. 2017இல் 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கோடீனே கூடாது என்றது. உடல் பருமன், டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் மூச்சடைப்பு தொடரலாம்.

ஆகவே முடிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டும். டான்சில் பெரிதாகத் தெரிவதை மட்டும் வைத்து நோயின் கடுமையைச் சொல்லிவிட முடியாது. தூக்கப் பரிசோதனைதான் சரியான வழி. அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. ஆனால் செல்போன் எல்லா வீட்டிலும் இருக்கிறது. குழந்தை குறட்டை விடும்போது சிரிப்பதற்குப் பதில் ஐந்து நிமிடம் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சு எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்துக்கொள்வார்.