ஆப்பிள் தோட்டத்தில் ஒரு ஸ்டாக் செக்கிங்

வருஷக் கடைசியில் கடைகளில் சரக்கு எண்ணுவார்கள். ஏட்டில் இருக்கிற பெயரும் அலமாரியில் இருக்கிற பொருளும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அலமாரியில் இருப்பது மரம் என்றால் என்ன செய்வது?

இங்கிலாந்தில், கெண்ட் பகுதியிலுள்ள பிராக்டேலில் அந்த நாட்டின் தேசியப் பழமரத் தொகுப்பு இருக்கிறது. ஆப்பிளில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட ரகங்கள்! ஆப்பிள் விதையை நட்டால் தாய்மரத்தின் பழம் கிடைக்காது. ஒட்டுக் கட்டித்தான் ரகத்தைக் காப்பாற்ற வேண்டும். ஒட்டுக்குச்சி தலைமுறை தலைமுறையாகக் கைமாறும்போது லேபிள் மட்டும் மாறாமல் இருக்குமா என்ன? ஒரே ரகம் ஊருக்கொரு பெயரில் வந்து நிற்கும். ஒரே பெயரில் இரண்டு ரகம் நிற்பதும் உண்டு.

இதைப் பிடிப்பதற்குத்தான் டிஎன்ஏ குறியீடுகள். டிஎன்ஏவில் சில இடங்களில் இரண்டு மூன்று எழுத்துகள், கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி, திரும்பத் திரும்ப வரும். மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். எத்தனை தடவை வருகிறது என்பது ரகத்துக்கு ரகம் வேறுபடும். பத்துப் பன்னிரண்டு இடங்களில் எண்ணிப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும். பழம் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஓர் இலை போதும். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பாதி தாயிடமிருந்தும் மறுபாதி தந்தையிடமிருந்தும் வருவதால் பெற்றோரையும் சரிபார்க்கலாம்.

அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகம் 1991ல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் கதையைப் பாருங்கள். அதன் பெற்றோர் மேகவுன், ஹனிகோல்ட் என்று ஏட்டில் எழுதியிருந்தது. 2005ல் வெளியான மைக்ரோசாட்டிலைட் ஆய்வு இரண்டுமே இல்லை என்றது! ஒரு பெற்றோர் கீப்சேக் என்ற ரகம். இன்னொன்று, வெளியிடப்படாத எம்என்1627 என்று 2017ல்தான் தெரிந்தது. வளர்த்தவர்களின் ஏட்டிலேயே இப்படி என்றால், குச்சியாக வந்த ரகங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஆக, தணிக்கை கட்டாயம் வேண்டும். ஒரே சரக்குக்கு இரண்டு வாடகை கொடுப்பது வீண் செலவு, அந்த இடத்தில் அழியப்போகிற வேறொரு ரகத்தை வைக்கலாம். ஆனால் 'டூப்ளிகேட்' என்று ரிப்போர்ட் வந்த அன்றே கோடாலியைத் தூக்கும் நிர்வாகம்தான் ஆபத்து. டெலிஷியஸ் மரத்தில் தானாகவே மாறிய ஒரு கிளை இன்னும் சிவப்பாகக் காய்த்தது, அதுதான் ஸ்டார்க்கிங். (காஷ்மீரிலிருந்து நம் கடைகளுக்கு வரும் சிவப்பு ஆப்பிளில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான்.) மைக்ரோசாட்டிலைட் கணக்கில் இரண்டும் ஒன்றே. சந்தையில் அப்படி இல்லையே!

இன்னொன்று. ஹனிகிரிஸ்ப்பும் ஒரு காலத்தில் கழிக்க வேண்டிய மரங்களின் பட்டியலில் இருந்ததுதான். டேவிட் பெட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் அதற்கு மறுவாய்ப்புக் கொடுத்ததால் பிழைத்தது. டூப்ளிகேட் என்று வந்த மரத்தையும் இரண்டு மூன்று பருவம் காய்க்கவிட்டு, நிறத்தையும் பழுக்கும் நாளையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகு வெட்டலாமா என்று பேசட்டும். அந்தச் சில வருஷப் பராமரிப்புச் செலவை யாரும் நஷ்டக் கணக்கில் எழுத வேண்டாம்.