துளை நாடாவில் ஒரு தலையெழுத்து

“இயந்திரம் தானே இயங்கத் தொடங்கிவிட்டது, இனிக் கைத்திறனுக்கு இடமில்லை. இது காலத்தின் கட்டளை, தடுப்பார் யாருமிலர்!” உதிரிப்பாகத் தொழிற்சாலைகளின் வாயிலில் இன்று இப்படி ஓர் அசரீரி கேட்கிறது. தண்டும் பற்சக்கரமும் மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுத்த தொழிலாளத் தோழன் அக்குரல் கேட்டுத் தலை கவிழ்கிறான். கற்றோர் தலையாட்டுகின்றனர். ஏடுகளோ வாழ்த்துப்பா இசைக்கின்றன.

நாம் கேட்கிறோம்: கட்டளையிட்ட அந்தக் ‘காலம்’ யார்? அதற்கு ஊர் உண்டா, பேர் உண்டா, கையெழுத்து உண்டா?

தாழ்ந்து கிடப்பது உன் தலையெழுத்து என்று சொல்லப்பட்ட நாளில், எழுதியவனைக் காட்டு என்று கேட்டோம், காட்டுவாரில்லை. ஆலை வாயிலில் நமக்கு ஒரு வசதி. மண்டையோட்டில் எழுதியதை எவரும் படித்ததில்லை. தானியங்கி இயந்திரத்தின் தலையெழுத்தோ காகித நாடாவில் துளையிட்டு எழுதப்பட்டது. எழுதிய ஆண்டும் தெரியும். எழுதுகூலி தந்தவர் யாரென்பதும் தெரியும். படித்துப் பார்ப்போமே!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில், ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் விசிறியின் இதழ்களைச் செய்துவந்தார். அவ்விதழின் வளைவு எளிதில் பிடிபடுவதன்று. வளைவிலுள்ள புள்ளிகளைக் கணக்கிட்டு, அந்த எண்களைக் கொண்டே இயந்திரத்தை நடத்தினால் என்ன என்று அவர் எண்ணினார். 1949இல் அமெரிக்க விமானப்படை பணம் தந்தது. எம்.ஐ.டி. என்னும் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகம் ஆய்வில் இறங்கியது. 1952இல் அங்கே ஒரு மில்லிங் இயந்திரம், நாடாவின் துளைகளைப் படித்து உலோகத்தைச் செதுக்கிக் காட்டியது. மனித அறிவின் மகத்தான வெற்றி அது, மனமாரப் பாராட்டுவோம்.

ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, வேறொரு வழியையும் பொறியாளர்கள் கண்டிருந்தனர். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அது உருப்பெற்றது. தேர்ந்த தொழிலாளி முதல் உருப்படியைத் தன் கையால் வெட்டுவான். அவன் நகர்த்திய ஒவ்வோர் அசைவும் காந்த நாடாவில் பதியும். அடுத்த உருப்படிகளை அந்த நாடாவே வெட்டும். இதுவும் தானியங்கிதான். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: முன்னதில் எழுதுபவன் அலுவலக அறையில் இருக்கிறான், பின்னதில் எழுதுபவன் பட்டறையில் நிற்கிறான்.

வென்றது எது? அலுவலக அறை! விமானத்தின் சிக்கலான வளைவுகளுக்கு எண்வழி முறையே ஏற்றது என்பதை மறுக்கமாட்டோம். ஆயின் சாதாரண உருப்படிகளுக்கும் அந்த ஒரு வழியே வழி என்றானது எதனால்? விமானப்படை தன் பணத்தில் எண்வழி இயந்திரங்களை வாங்கி விமான நிறுவனங்களில் நிறுத்தியது ஒரு காரணம். பட்டறையின் பிடி தொழிலாளியிடமிருந்து நழுவித் தம் கைக்கு வரவேண்டும் என்று நிர்வாகங்கள் விரும்பியது மற்றொரு காரணம். இதனை 1984இல் வெளியிட்ட நூலில் விரிவாக எடுத்துக்காட்டினார் வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள். காலம் கட்டளையிடவில்லை, தோழர்காள்! காசு கட்டளையிட்டது, அதிகாரம் ஒப்பமிட்டது.

“எப்படியாயினும் என்ன? எழுதியபடி இயந்திரம் நடக்கிறது. தொழிலாளியின் அறிவு இனி எதற்கு?” என்பர். பட்டறை மிதித்தறியாதவர் பேச்சு இது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இரு துளைகளுக்கிடையே 200 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள எஃகுப் பாகம், ஐந்து பாகை சூடேறினால் அவ்விடைவெளி ஏறத்தாழ 11 மைக்ரான் விரியும். நுண்பாகங்கள் சிலவற்றில் பொறுக்கத்தக்க பிழையே 10 மைக்ரான்தான். காலையில் சரியாக வந்த உருப்படி உச்சி வேளையில் கழிவாகிறது. வெட்டுளியின் முனை தேய்கிறது. வார்ப்பில் ஒன்று கடினமாகவும் மற்றொன்று மெதுவாகவும் வருகிறது. உளி அதிரும் ஓசை மாறுவதை முதலில் கேட்பது யார் செவி? சீவலின் நிறம் மாறுவதை முதலில் காண்பது யார் கண்? பாகங்களைப் பூட்டும் வரிசையிலோ, கண்ணுக்குப் புலப்படாத ஒரு பிசிறு போதும், இயந்திரக் கை திகைத்து நின்றுவிடும். அங்கே வேலை செய்யும் பெண்ணின் விரல் நுனி அதைத் தொட்டவுடன் அறிந்துகொள்ளும். உணர்கருவிகள் பல வந்துவிட்டன, உண்மை. எதை உணரவேண்டும் என்று அவற்றுக்குச் சொல்லித் தந்த அறிவும் பட்டறையில் விளைந்ததே.

அந்த அறிவை மதித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மாசசூசெட்ஸ் மாநிலத்து லின் நகரில், அதே ஜெனரல் எலக்ட்ரிக்கின் ஜெட் எஞ்சின் ஆலையில், 1968இல் ஒரு சோதனை தொடங்கிற்று. எண்வழி இயந்திரங்களை நடத்தும் தொழிலாளர்கள், மேற்பார்வையாளர் இன்றித் தாமே வேலையைப் பகிர்ந்து நடத்தினர். சில ஆண்டுகளில் நிர்வாகமே அதை முடித்து வைத்தது. அதிகாரம் கைநழுவும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்கிறார் நோபிள். ஜப்பானியர் வேறு பாடம் கற்றனர். நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் தறியைப் படைத்தவர் சாக்கிச்சி டொயோடா. அவர் வழிவந்த கார் ஆலைகளில், ‘தானியங்கி’ என்னும் சொல்லின் ஓர் எழுத்தில் மனிதனைக் குறிக்கும் கோட்டைச் சேர்த்து எழுதுகின்றனர். பிழை கண்டால் வரிசையையே நிறுத்தும் உரிமை அங்கே கடைநிலைத் தொழிலாளிக்கும் உண்டு.

“போட்டி உலகம்! மனிதனை விலக்கினால்தான் மலிவு!” என்று அடுத்த பல்லவி எழும். மின்சாரக் கார் செய்யும் டெஸ்லாவின் தலைவர் ஈலான் மஸ்க், அளவு மீறித் தானியங்கியைப் புகுத்தியது தவறு என்றும், மனிதரைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றும் 2018 ஏப்ரலில் உலகறியச் சொன்னார். முதலாளிகளுக்கு முதலாளியே சொன்ன பிறகு, இங்குள்ளோர் எதற்காக அந்தப் பழைய பல்லவியைப் பாடவேண்டும்?

இயந்திரத்தை உடைக்கச் சொல்கிறோமா? ஒருபோதும் இல்லை. சுமை தூக்கி முதுகு வளைவதும், எண்ணெய்ப் புகையில் மார்பு அடைப்பதும், ஒரே திருகை ஆயிரம் முறை முடுக்கி மணிக்கட்டு வீங்குவதும் உழைப்பின் பெருமையல்ல. அவற்றை இயந்திரம் ஏற்கட்டும், வரவேற்கிறோம். முதுகை விடுவிக்க வந்தது மூளையையும் பறித்துக்கொண்டு போவானேன் என்றுதான் கேட்கிறோம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஓசூரிலும் கோவையிலும் திருப்பெரும்புதூரிலும் நாடா மறைந்து கணினி வந்து, சி.என்.சி. இயந்திரங்கள் ஓடுகின்றன. ஐ.டி.ஐ.யும் டிப்ளமோவும் படித்த இளைஞன் அதன் முன்னே நிற்கிறான். பாகத்தை மாட்டுகிறான், பச்சைப் பொத்தானை அமுக்குகிறான், பாகத்தைக் கழற்றுகிறான். கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிறு பூட்டு உண்டு. நிரலைத் திருத்தாமல் காக்கும் பூட்டு. அதன் சாவி பெரும்பாலும் அவனிடம் இல்லை. கண்ணெதிரே உருப்படி கெடுவதைக் கண்டும், சாவிக்காரர் வரும்வரை அவன் கைகட்டி நிற்கவேண்டும்!

திருத்தவிட்டால் தாறுமாறாகும் என்பர். திருத்தியவன் பெயரும் நேரமும் பதிவாகட்டும். திருத்தியபின் வரும் முதல் உருப்படியை அளந்து பார்க்கட்டும். கணினிக்கு இது ஒரு வேலையா? பொறுப்பைக் கொடுத்துக் கணக்குக் கேளுங்கள். பொறுப்பே கொடாமல் பழி மட்டும் கொடுப்பது நீதியன்று.

ஆகவே இளைஞர்காள், மூன்று கோரிக்கைகளை ஆலைதோறும் எழுப்புவோம். இயந்திரத்தை நடத்துபவனுக்கு அதன் நிரலை எழுதவும் திருத்தவும் வேலை நேரத்திலேயே பயிற்சி வேண்டும். புதிய இயந்திரம் வருமுன், எதை அதனிடம் விடுவது, எதை மனிதனிடம் வைப்பது என்று தொழிலாளரையும் அமர்த்திப் பேசவேண்டும். மிச்சமாகும் நேரத்தின் பயன் ஆட்குறைப்பாக இறங்காமல், குறைந்த வேலை நேரமாகவும் கூடிய ஊதியமாகவும் அவனுக்கும் வரவேண்டும்.

கோரினால் போதாது, கற்கவும் வேண்டும். ஜி-கோட் மந்திரமன்று. நேர்க்கோட்டில் வெட்ட ஓர் எண், வளைவில் வெட்ட ஓர் எண், அவ்வளவே. ஓதக்கூடாது என்று ஒதுக்கப்பட்டவர் மரபில் வந்த நமக்கு, எழுத்தைப் பூட்டி வைப்பவரின் நோக்கத்தை எவரும் விளக்கவேண்டியதில்லை. துளையிட்டவன் பிரமனல்லன், சம்பளம் வாங்கும் மனிதன். மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். முதலில் அந்தச் சாவியைக் கேட்போம்!