திருச்சி டு யாழ்ப்பாணம்: 185 கி.மீ பறக்க ஒரு மணி நேரமா?

திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து கோவை ஏர்போர்ட்டுக்கு நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 185 கி.மீ. அதே திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு? அதுவும் ஏறக்குறைய அதே 185 கி.மீ-தான்! ஒன்று, பஸ் ஏறிப் போய்விட்டு ராத்திரியே வீடு திரும்பும் ஊர். இன்னொன்று, பாஸ்போர்ட் இல்லாமல் போக முடியாத ஊர்.

இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 2025 மார்ச் 30-ல் நேரடி விமான சேவையைத் தொடங்கியது இண்டிகோ. பயண நேரம் சுமார் ஒரு மணி. ‘ஏ.டி.ஆர் விமானம் மணிக்கு 500 கி.மீ வேகத்துல பறக்கும்னா, 22 நிமிஷத்துல போயிடலாமே?’ என்று கால்குலேட்டரைத் தட்டுகிறீர்களா?

அங்கேதான் விஷயம். டிக்கெட்டில் போடும் நேரம், வானத்தில் இருக்கும் நேரம் மட்டுமல்ல. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதில் தொடங்கி, இறங்கி நிற்கும்வரை எல்லாமே அதில் சேரும். தவிர, குறுகிய தூரத்தில் முழு வேகம் எடுக்கவே வாய்ப்பு குறைவு. மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தயாராக வேண்டும். அதனால்தான் தூரம் பாதியானாலும், நேரம் பாதியாவதில்லை.

அந்த ஒரு மணி நேரத்தோடும் கணக்கு முடியாது. வெளிநாட்டுப் பயணம் என்பதால் 3 மணி நேரம் முன்பே ஏர்போர்ட்டில் இருக்கச் சொல்வார்கள். செக்-இன், இமிகிரேஷன், கஸ்டம்ஸ், அப்புறம் பலாலியிலிருந்து யாழ்ப்பாணம் டவுனுக்கு 15 கி.மீ-க்கு மேல் ரோடு. எல்லாம் சேர்த்தால் அரை நாள்.

அரை நாளா என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். நேரடி விமானம் இல்லாத காலத்தில், யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் திருச்சிக்கு வர, முதலில் சுமார் 400 கி.மீ தெற்கே கொழும்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து விமானம் ஏறி மறுபடி வடக்கே வர வேண்டும். எதிரே கடலைத் தாண்டினால் தமிழ்நாடு. ஆனால், பயணமோ ஒரு முழு நாள்!

இத்தனைக்கும் இது புதுப் பாதை இல்லை. 1947 டிசம்பர் 10-ல் ஏர் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு போர் வந்தது, பலாலி ராணுவத்தின் கைக்குள் போனது. 2019 அக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னை சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனா மறுபடி கதவைச் சாத்தியது. 2022 டிசம்பரில்தான் திரும்பத் திறந்தது.

ஆக, இந்த ரூட்டின் உண்மையான பிரச்னை கிலோமீட்டரும் இல்லை, நிமிடமும் இல்லை. சேவை நிலைக்குமா என்பதுதான். சுற்றுலா போகிறவர் ஃபிளைட் ரத்தானால் வேறு ஊருக்கு பிளானை மாற்றிக்கொள்வார். சொந்தக்காரர் கல்யாணத்துக்கோ, சாவுக்கோ, சிகிச்சைக்கோ கிளம்புகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு ஃபிளைட் இருக்கும்வரை யாழ்ப்பாணம் ஒரு மணி நேரம். நின்றுபோனால், மறுபடியும் கொழும்பு சுற்றி ஒரு நாள்!