கல்யாண ஆல்பம் இருக்கு, கரன்ட் பில் எங்கே?

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி ஈசிஆர்-ல் தெற்கே வந்தால், புதுச்சேரிக்கு முன்னால் வரும் கடைசித் தமிழ்நாட்டு ஊர் கோட்டக்குப்பம். அதை ஒட்டியே முத்தியால்பேட்டை, அது புதுச்சேரி. இன்றைக்கு இங்கே எல்லை தாண்டினால் மாநிலம் மாறும். 1954 நவம்பர் 1-க்கு முன்புவரை நாடே மாறியது. அந்தப் பக்கம் பிரெஞ்சு ஆட்சி.

அந்தப் பழைய கதை சம்பந்தம் பேசும்போது இன்னும் தலைகாட்டும். "பையன் பிரான்ஸ்ல இருக்கான்" என்றால் அதற்கு இரண்டு அர்த்தம். அங்கே வேலை பார்க்கிறார் என்பது ஒன்று. பிரெஞ்சு குடியுரிமையே வைத்திருக்கிறார் என்பது இன்னொன்று. இரண்டாவது என்றால் பேச்சின் தொனியே மாறிவிடும். எத்தனை பவுன், எந்த மண்டபம், பிரியாணி யாரிடம் ஆர்டர் என்று மாதக்கணக்கில் பேசுவார்கள். "அங்க நீங்க இருக்கிற வீட்டு கரன்ட் பில் யார் பேர்ல வருது?" என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கல்யாணம் ஆகி ஒரு வருடம் கழித்து பிரெஞ்சு அரசு அதைத்தான் கேட்கும்.

இந்த உறவு எப்படி வந்தது?

பிரெஞ்சுப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது, 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக்காரராகவே இருக்கிறேன் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் அப்படிக் கொடுத்தார்கள். அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்றைய 'பிரெஞ்சு மாப்பிள்ளை', 'பிரெஞ்சு பொண்ணு'. கோட்டக்குப்பம் பிரெஞ்சு மண்ணாக இருந்ததில்லை. ஆனால் எல்லைக்கு இரண்டு பக்கமும் பொண்ணு கொடுத்து எடுத்த ஊருக்கு அந்தக் கோடு பெரிய தடையாக இருக்கவில்லை.

விசா வரைக்கும் பரவாயில்லை

முதல் சிக்கல் கல்யாணத்துக்கு முன்னாலேயே வருகிறது. பிரெஞ்சுக் குடிமகன் இந்தியாவில் திருமணம் செய்வதாக இருந்தால், அவர் திருமணம் செய்யத் தகுதியானவர் என்ற சான்றிதழை முன்கூட்டியே வாங்க வேண்டும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு துணைத் தூதரகம் இதற்காக 10 நாள் அறிவிப்பு ஒட்டும். சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு இதை ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். சான்றிதழ் இல்லாமலே கல்யாணத்தை முடித்துவிட்டால் அது செல்லாது என்று இல்லை. ஆனால் அதைப் பிரெஞ்சு பதிவேட்டில் ஏற்றும்போது அதே கேள்விகள் திரும்பி வரும், மாதங்கள் ஓடும்.

அடுத்தது பதிவு. நிக்காஹ் ஆனாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, சர்ச்சில் மோதிரம் மாற்றினாலும் சரி, 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். 'ஜமாஅத் புக்ல ஏத்தியாச்சு, அது போதும்' என்று விட்டால் பின்னால் அலைய வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் விசா கொஞ்சம் எளிது. பிரெஞ்சுக் குடிமகனின் கணவன் அல்லது மனைவிக்கான நீண்டகால விசாவுக்குக் கட்டணமே கிடையாது. மோசடி, திருமணம் ரத்தானது, பொது ஒழுங்குக்கு ஆபத்து ஆகிய காரணங்களுக்காக மட்டுமே அதை மறுக்கலாம் என்கிறது சட்டம். மறுத்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். 'சீக்கிரம் வாங்கித் தர்றேன்' என்று இதற்கும் லட்சம் கேட்கும் ஏஜென்ட் இருந்தால், அவர் எதை விற்கிறார் என்று யோசித்துக்கொள்ளலாம்.

அதற்குப் பிறகுதான் பரீட்சை

அங்கே போய் இறங்கி மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் உறுதி செய்ய வேண்டும். முதல் வருடம் முடிந்ததும் வசிப்பிட அட்டை. திருமணமாகி மூன்று வருடம் ஆனதும் 10 வருட அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 2026 ஜனவரி முதல் அதற்கு பி1 அளவு பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும். நான்கு வருடம் ஆனால் குடியுரிமை கோரலாம், பிரான்ஸில் தொடர்ந்து மூன்று வருடம் வசிக்காதவர்களுக்குப் பொதுவாக ஐந்து வருடம்.

இந்த ஒவ்வொரு படியிலும் ஒரே நிபந்தனை திரும்பத் திரும்ப வரும். கல்யாண நாளிலிருந்து 'சேர்ந்த வாழ்க்கை' அறுபடாமல் இருக்க வேண்டும். தம்பதியர் சேர்ந்து வாழக் கடமைப்பட்டவர்கள் என்று பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 215-வது பிரிவு சொல்கிறது. குடியுரிமைக்கு வரும்போது, அந்த வாழ்க்கை பொருளளவில் மட்டுமல்ல, அன்பளவிலும் இருக்க வேண்டும் என்கிறது 21-2-வது பிரிவு. அன்பை எந்த கவுன்ட்டரில் அட்டெஸ்ட் செய்வது என்று சட்டம் சொல்லவில்லை. அதனால் எல்லாமே காகிதத்தில் வந்து நிற்கிறது.

என்ன காகிதம்? இரண்டு பேர் பெயரும் உள்ள வாடகை ஒப்பந்தம், கரன்ட் பில், ஜாயின்ட் அக்கவுன்ட், பிள்ளை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழ். எல்லாவற்றிலும் கனமானது வருமான வரி நோட்டீஸ். பிரான்ஸில் கணவனும் மனைவியும் பொதுவாகச் சேர்ந்தே ஒரு வரிக் கணக்கு தாக்கல் செய்வார்கள். கல்யாணமாகியும் ஒருவர் பழைய பழக்கத்தில் 'தனி நபர்' என்றே போட்டுக்கொண்டிருந்தால், அரசிடம் இருக்கும் அவருடைய காகிதமே அவர் மனைவிக்கு எதிராகப் பேசும். குடும்ப உதவித்தொகை தரும் காஃப் அலுவலகத்திலும் இதே கதைதான். கொஞ்சம் கூடுதல் பணத்துக்காகத் தனி ஆள் என்று பதிவு செய்துவிட்டு, அடுத்த மாதம் வசிப்பிட அட்டைக்கு 'நாங்க சேர்ந்துதான் இருக்கோம்' என்று கையெழுத்துப் போட்டால் இரண்டில் ஒன்று பொய் என்றாகிவிடும்.

வேலைக்காக ஒருவர் பாரிஸிலும் இன்னொருவர் வேறு ஊரிலும் இருக்கலாமா? இருக்கலாம். தம்பதிக்குத் தனித்தனி முகவரி இருக்கலாம், அதனாலேயே சேர்ந்த வாழ்க்கை முறிந்ததாக ஆகாது என்று 108-வது பிரிவு சொல்கிறது. ஆனால் ஏன் தனி முகவரி என்பதை வேலை ஒப்பந்தம், ரயில் டிக்கெட் எல்லாம் வைத்து அவர்கள்தான் விளக்க வேண்டும்.

நம் வீட்டுக் காகிதத்தில் யார் பெயர்?

சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது. நம் ஊர் வீட்டைப் பாருங்கள். ஈ.பி. கனெக்‌ஷன் தாத்தா பெயரில் இருக்கும், அவர் மவுத்தாகிப் பல வருடம் ஆகியிருக்கும். கேஸ் மாமியார் பெயரில். மருமகள் வந்து நாலு வருடம் ஆனாலும் ரேஷன் கார்டில் பெயர் ஏறியிருக்காது. அந்த வீட்டில் தினமும் பத்துப் பேருக்குச் சமைப்பவரின் பெயர் அந்த வீட்டின் ஒரு காகிதத்திலும் இல்லை.

இதே பழக்கம் அப்படியே பிளேன் ஏறுகிறது. பாரிஸ் புறநகரில் அண்ணன் எடுத்த வீட்டில் தம்பி குடும்பமும் இருக்கும். வாடகை ஒப்பந்தம் அண்ணன் பெயரில், கரன்ட் அண்ணி பெயரில். தம்பியும் அவர் மனைவியும் நிஜமாகவே ஒரே அறையில் வாழ்கிறார்கள், காகிதத்தில் இருவருமே இல்லை. அப்போது 'இவர்கள் என் வீட்டில் தங்கியிருக்கிறார்கள்' என்று வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கும் கடிதம், அவருடைய அடையாள அட்டை, பில் எல்லாம் தேவை. ஒரு போன் பண்ணி கரன்ட் கணக்கில் இரண்டாவது பெயரைச் சேர்க்கச் சொல்லியிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

பிரான்ஸ் மட்டுமா இப்படி? வெளிநாட்டவரைக் கட்டிக்கொள்ளும் இந்தியர், தன் துணைக்கு ஓசிஐ அட்டை கேட்டால், பதிவு செய்த திருமணம் இரண்டு வருடமாவது தொடர்ந்து நீடித்திருக்க வேண்டும் என்கிறது நம் சட்டமும்.

அரசின் சந்தேகம் முழுக்க அர்த்தமில்லாதது அல்ல. பாஸ்போர்ட்டுக்காகவே நடக்கும் கல்யாணங்கள் உண்டு. பிரான்ஸில் அதற்கு 5 வருடம் வரை சிறை, 15,000 யூரோ வரை அபராதம். ஆனால் சந்தேகத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில், வருங்காலக் கணவரைத் தேடிவந்த ஒரு இந்திய ஆசிரியைக்கு 'கன்னித்தன்மைப் பரிசோதனை' நடத்தினார்கள். பிரிட்டனுக்குக் குடியேறுவது கல்யாணத்தின் முதன்மை நோக்கம் அல்ல என்று தம்பதியே நிரூபிக்க வேண்டும் என்ற விதி அங்கே 1997 வரை இருந்தது. பெரியவர்கள் பார்த்து முடிக்கும் கல்யாணத்தில், முன்பின் பேசாத இரண்டு பேர் அதை எப்படி நிரூபிப்பார்கள்?

கையெழுத்து யார் கையில்?

காகிதச் சிக்கலை விடவும் கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அட்டையைப் புதுப்பிக்கும்போது, சேர்ந்து வாழ்கிறோம் என்ற உறுதிமொழியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதாவது, வந்தவரின் நாடு தங்கும் உரிமை, அங்கேயே இருப்பவரின் பேனாவில் இருக்கிறது. நல்ல குடும்பத்தில் இது ஒரு சம்பிரதாயம். அடி விழும் வீட்டில் "கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்குப் போய்டு" என்ற ஒரே வரி போதும். மொழி தெரியாது, சம்பாத்தியம் இல்லை, பாஸ்போர்ட் மாமியார் பீரோவில். கோட்டக்குப்பத்துக்குத் திரும்பினால் 'வாழாவெட்டி' என்ற பேச்சு. அந்தப் பெண் எங்கே போவார்?

இதற்குக் கனடா ஒரு பாடம் கற்றது. 2012 அக்டோபரில், ஸ்பான்சர் செய்யப்பட்ட துணை இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வசிப்பிடம் நிலைக்கும் என்று சில தம்பதியருக்கு நிபந்தனை போட்டது. போலிக் கல்யாணத்தைத் தடுப்பதுதான் நோக்கம். ஆனால் கொடுமை நடக்கும் வீட்டிலிருந்து வெளியேறப் பயந்து பெண்கள் உள்ளேயே இருந்துவிடுகிறார்கள் என்ற புகார் வலுத்தது. 2017 ஏப்ரலில் அரசே அதைத் தூக்கிவிட்டது.

பிரெஞ்சுச் சட்டத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. குடும்ப வன்முறையால் பிரிந்தாலோ, துணை இறந்துவிட்டாலோ, சேர்ந்த வாழ்க்கை முறிந்ததைக் காரணம் காட்டி அட்டையைப் பறிக்கக் கூடாது. ஆனால் வன்முறை நடந்தது என்பதற்கும் ஆதாரம் கேட்பார்கள்: போலீஸ் புகார், மருத்துவச் சான்று, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு. அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லாத ஒருவருக்கு இந்த வாசல் இருப்பதே தெரியாது.

அதனால் பிரெஞ்சு நிர்வாகம் மாற்ற வேண்டியவை இரண்டு. துணையின் கையெழுத்து இல்லாமலே, வந்தவர் தன் ஆதாரங்களைத் தனியாகக் கொடுக்க வழி வேண்டும். விசாவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அனுப்பிய பணம், வீடியோ கால், விமான டிக்கெட் ஆகியவற்றையும் சேர்ந்த வாழ்க்கையாகவே தயக்கமின்றி எண்ண வேண்டும். பிரித்து வைத்ததே அரசின் வரிசைதான்.

சம்பந்தம் பேசும் குடும்பங்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பவுன் பேசும் அதே உட்காரலில், வாடகை ஒப்பந்தத்திலும் வரிக் கணக்கிலும் பெண்ணின் பெயர் எந்த மாதம் ஏறும் என்று கேட்டுவிடலாம். மாப்பிள்ளை வீடு முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான். பெண்ணுக்கு அங்கே தன் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, கிளம்பும் முன் புதுச்சேரி அலியான்ஸ் பிரான்சேஸில் கொஞ்சம் பிரெஞ்சு. பாஸ்போர்ட், விசா, திருமணச் சான்றிதழ் மூன்றின் போட்டோவும் அவருடைய சொந்த மெயிலில் இருக்கட்டும், பாஸ்வேர்டு அவருக்கு மட்டும் தெரியட்டும். போனில் 3919 என்ற எண்ணையும் சேமித்துக்கொள்ளட்டும். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்காகப் பிரான்ஸில் 24 மணி நேரமும் இயங்கும் இலவச உதவி எண் அது. அழைப்பவர் பெயர் சொல்ல வேண்டியதில்லை.