வீங்கிய பேட்டரி யார் கணக்கில்?



மருந்தடிக்கும் டாங்கியும் கொழுந்து வெட்டும் மெஷினும் பேட்டரிக்கு மாறிவருகின்றன. எண்ணெய்ப் புகை இல்லை, நல்லதுதான். ஆனால் லித்தியம் பேட்டரி வீங்கினாலோ, விழுந்து நசுங்கினாலோ, கை வைக்க முடியாதபடி சுட்டாலோ மறுபடி சார்ஜ் போடக் கூடாது. உள்ளே கிளம்பிய வாயுதான் அந்த வீக்கம். தீப்பிடித்தால் அணைந்ததுபோல் இருந்து மீண்டும் பற்றும்.

2024 ஜூன் 24இல் தென்கொரியாவின் ஹ்வாசொங் நகரில் லித்தியம் பேட்டரித் தொழிற்சாலை எரிந்து 23 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பிழைக்கப் போன வெளிநாட்டுத் தொழிலாளர். ஒரு நிமிடத்துக்குள் புகை அறையை மூடிவிட்டது. லயத்தில் ஒரு காம்பராவில் பிடித்த தீ எங்கே போய் நிற்கும் என்று ஊவாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே பேட்டரியை லயத்துக்குக் கொண்டுபோய் இரவில் சார்ஜ் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஸ்டோருக்குத்தான், லயத்துக்கு அல்ல. சார்ஜ் போடும் இடத்தை நிர்வாகம் ஒதுக்கட்டும். பகலில், ஆள் பார்வையில்.

மாற்றுப் பேட்டரியும் நிர்வாகச் செலவில்தான். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற பயம் இருந்தால் வீங்கியதை யார் காட்டுவார்? டேப் சுற்றி இன்னும் ஒரு வாரம் ஓட்டத்தான் பார்ப்பார்கள். ஸ்பிரிங்வெளித் தலைவர்மார் அடுத்த பேச்சுவார்த்தையில் இதை எழுத்தில் கேட்பார்கள். அதுவரை கெட்ட பேட்டரி கண்டால் பிரட்டுக் களத்திலேயே கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைத்து, தோட்டத் தலைவருக்கும் சொல்லிவிடுங்கள்.