ஒரு காரணம் தெரிந்த பின்னும் பரிசோதனை எதற்கு?

முதியவரின் இரத்தசோகைக்கு ஒரு காரணம் தெரியவந்ததும் குடும்பத்தினர் நிம்மதி அடைகின்றனர். அதன் பிறகும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வேண்டும் என்று நாங்கள் கூறும்போது, "இந்த வயதில் அவரை ஏன் வருத்த வேண்டும்?" என்று கேட்கின்றனர். செலவை நீட்டிக்கிறார்களோ என்ற ஐயமும் சிலருக்கு உண்டு. அதை வெளிப்படையாகக் கேட்பவர்களை நாங்கள் மதிக்கிறோம். எனினும், சிகிச்சைக்குப் பின்னும் ஹீமோகுளோபின் உயராதபோது முதல் காரணத்தோடு நின்றுவிடலாகாது என்பதே எங்கள் கருத்து.

எழுபது வயதைக் கடந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபின் 8 கிராம். வைட்டமின் பி12 குறைவு. சிவப்பணுக்கள் வழக்கத்தைவிடப் பெரியவை. பி12 ஊசி போட்டால் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் சோகை சீராக வேண்டும். சீராகவில்லை. மைலோடிஸ்பிளாசியா என்னும் மஜ்ஜைக் கோளாறிலும் சிவப்பணுக்கள் பெரியனவாகத் தோன்றக்கூடும். அதில் மஜ்ஜை உருவாக்கும் அணுக்களுள் பல, முதிர்வதற்கு முன்பே அழிந்துவிடுகின்றன. இதற்கிடையே இவருடைய இரத்தத்தில் இயல்புக்கு மாறான ஒரே வகைப் புரதம் இருப்பதும் தெரியவருகிறது. அது மல்டிபிள் மைலோமா என்னும் மஜ்ஜைப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். இவ்விரு நோய்களும் ஒருவரிடமே சேர்வது அரிது. ஆயினும் இரண்டும் முதுமையில்தான் மிகுதியாக வருகின்றன. எல்லா அறிகுறிகளுக்கும் ஒரே நோயைத் தேடும் பழக்கம் (எங்களுக்கு மாணவப் பருவத்திலேயே ஊட்டப்பட்டது அது) முதியவர்களிடம் பலமுறை பொய்த்துவிடுகிறது.

சோகைக்கு அந்தப் புரதம்தான் காரணமா, அல்லது அது வெறுமனே உடனிருக்கிறதா என்பதே கடினமான வினா. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரிடம், வேறு நோய் ஏதுமின்றியே இத்தகைய புரதம் காணப்பட்டது. அத்தகையோரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காட்டினருக்கே அது மைலோமா போன்ற நோயாக மாறுகிறது. பெரும்பாலோருக்குக் கண்காணிப்பே போதும். அப்படிப்பட்டவருக்கு மைலோமா மருந்துகளைக் கொடுத்தால், ஏற்கெனவே நலிந்த மஜ்ஜை மேலும் நலியும். மாறாக, மைலோமா உள்ளவருக்கு இரத்தம் மட்டும் ஏற்றி வந்தால் சிறுநீரகங்கள் பழுதடையக்கூடும். லெனாலிடோமைடு என்னும் மருந்து இரு நோய்களுக்கும் பயன்படுகிறது. ஆனால் மைலோடிஸ்பிளாசியாவில் ஐந்தாம் குரோமோசோமின் ஒரு பகுதி இழந்த வகைக்கு வழக்கமான தொடக்க அளவு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம், மைலோமாவுக்கு 25. சிறுநீரகத்தின் நிலையைப் பொறுத்து அதுவும் குறைக்கப்படும்.

மஜ்ஜைப் பரிசோதனை இடுப்பெலும்பின் பின்புறத்தில், மரத்துப்போகும் ஊசி போட்டபின் செய்யப்படுகிறது. வலி அறவே இராது என்று நாங்கள் சொல்வதில்லை. ஓரிரு நாள் அவ்விடம் நோகும். எல்லா முதியவருக்கும் இதைப் பரிந்துரைப்பதுமில்லை. படுக்கையிலேயே இருக்கும் ஒருவருக்கு, முடிவு எதுவாயினும் சிகிச்சை மாறாது என்றால், செய்யாமல் விடுவதே முறை. ஆகவே "இதன் முடிவால் சிகிச்சை மாறுமா?" என்று எங்களிடம் கேளுங்கள். முதியவரும் உடனிருந்து பதிலைக் கேட்கட்டும். வரும்போது பழைய இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்பது இன்றைய அறிக்கையில் இராது.