ஸ்டோருக்குள் ஓர் ஆற்றுப்படை

தேயிலைத் தொழிற்சாலையின் உட்புறத்தைக் கட்டணம் பெற்றுக்கொண்டு காட்டும் வழக்கம் ஊவாவில் வேரூன்றிவிட்டது. தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டிலே கட்டுவித்த தம்பேதன்ன ஆலையைக் காண அப்புத்தளைக்கு வருவோரும், எல்ல நகருக்கு அணித்தான ஹல்பேவத்த ஆலையை நாடுவோரும் பலர். கடலில் மிதக்கும் உல்லாசக் கப்பல்களிலும் சமையற்கூடம், சலவைக்கூடம், பொறிகளை ஆளும் அறை ஆகியவற்றைக் காட்டத் தனிக்கட்டணம் வாங்குகின்றனர். திரைக்குப் பின்னால் நடப்பதைக் காணும் வேட்கை எங்கும் பொதுவே. கொடுக்கும் பணத்துக்கு அக்காட்சி தகுமா என்பதே வினா.

தகாது என்பர் ஸ்பிரிங்வெளிப் பக்கத்து ஆசிரிய நண்பர் சிலர். பிறர் வியர்வையைக் காசு கொடுத்து வேடிக்கை பார்ப்பது பண்பாகாது என்பது அவர்தம் கட்சி. அதிலே அறச்சினம் உண்டு; ஆயினும் யான் அதற்கு உடன்படேன். கண்ணுக்குப் புலப்படாத உழைப்புக்கு உலகம் மதிப்பளித்ததில்லை. கோப்பையை மட்டும் கண்டவன் விலையைத்தான் பேசுவான்.

மேலும், உள்ளே காணத்தக்கவை மெய்யாகவே உள. மேன்மாடியில் நீண்ட தொட்டிகளிற் பரப்பிய பச்சைக் கொழுந்து, அடியிலிருந்து எழும் காற்றில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் வாடுகிறது. பின்னர் உருளைகளிடையே கசங்கிச் சாறு கக்கி, பரப்பி வைத்த இடத்திலேயே பச்சை மாறிச் செப்பு நிறம் கொள்கிறது. இதனை நொதித்தல் என்று கூறுவது பழக்கம்; அங்கே நிகழ்வது ஒட்சியேற்றமேயன்றி வேறில்லை, நுண்ணுயிர்க்கு அதில் வேலையில்லை. (சொல்லைச் சரியாகச் சொல்லுமாறு கேட்பது பண்டிதர் குணம், பொறுத்தருள்க.) அடுப்பின் வெப்பம் அம்மாற்றத்தை நிறுத்த, சல்லடைகள் தூளை வகைப்படுத்துகின்றன. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகச் சுருங்குகிறது. ஆடி ஆவணியில் மலை கடந்து வறண்டு வீசும் கச்சான் காற்று கொழுந்தின் வளர்ச்சியை ஒடுக்கி, ஊவாத் தேயிலைக்கே உரிய மணத்தை ஊட்டும். அப்பருவத்தில் ஆலைக்குள் நிற்பவன் மூக்கினாற் கற்பதை எந்தப் பாடநூலும் கற்பிக்காது.

ஆதலால் பணம் வீணன்று. குறை வேறிடத்தில் இருக்கிறது.

மாணவர் சிலரோடு ஓர் ஆலைக்குச் சென்றிருந்தேன். அதன் பெயர் ஈண்டு வேண்டா. வழிகாட்டிய இளைஞர் நல்லவர். பொறி ஒவ்வொன்றின் வலுவும் அறிவார். விளக்கம் முழுதும் ஆங்கிலத்தில் அமைந்தது. சல்லடையருகே நின்ற அம்மையார் தம் தொழிலைப் பற்றித் தம் முன்னிலையிலேயே சொல்லப்பட்டதைப் புரியாது கேட்டு நின்றார். கொழுந்து எங்கிருந்து வருகிறது என்று என் மாணவி ஒருத்தி வினவ, மலையிலிருந்து என்ற அளவில் விடை முடிந்தது.

அந்த மலையிலேதான் கதை தொடங்குகிறது. ஆலையை ஸ்டோர் என்றே வழங்கும் தோட்ட மக்கள் ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்கின்றனர். குறித்த நிறைக்குக் கொழுந்து கொய்தால் பேர், குறைந்தால் அரைப்பேர். பெரட்டுக்களத்தில் விடியலிலே நின்று, அட்டை கடிக்கும் சரிவில் ஏறி, முதுகிற் கூடை சுமந்து, கொழுந்து மடுவத்தில் நிறை பார்க்கும்வரை ஒரு பெண்ணின் நாள் முழுதும் அவ்வொரு சொல்லிலே தொங்குகிறது. அரை நாட் கூலியை அரைப்பேர் என்று ஒரு சமுதாயம் சொல்லப் பழகியதன் பொருளை எந்த ஆலைச் சுற்றுலா விளக்குகிறது? 1948இல் இம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றோராக்கப்பட்டனர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைப் பங்கிட்டது. எஞ்சி நின்றோர்க்கு 2003இன் சட்டமே குடியுரிமை வழங்கியது. கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த பழைய ஆலையொன்று 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று. ஜேம்ஸ் டெயிலர் பயன்படுத்திய பொருள்கள் அங்கே பேணப்படுகின்றன, நல்லதே. அவ்வாறே கூடைக்கும் பெரட்டுக்கும் உரிய இடம் வேண்டுமல்லவா?

நம் பழந்தமிழில் ஆற்றுப்படை என்றொரு துறை உண்டு. பரிசில் பெற்று மீளும் பொருநனோ பாணனோ, எதிர்ப்படும் வறியோனுக்குத் தான் நடந்த வழியைச் சொல்வது அதன் இலக்கணம். நடந்தவனே வழி காட்டுவான். ஊவாவின் ஆலைகளுக்கு யான் விடுக்கும் வேண்டுகோளும் அதுவே. முப்பது, நாற்பது ஆண்டு கொழுந்து கொய்து ஓய்ந்த பெண்கள் லயங்களில் இருக்கின்றனர். அவருள் இருவரை ஊதியத்தோடு அமர்த்துங்கள். ஆங்கிலம் அறிந்த இளைஞர் அவர்தம் சொல்லை வந்தோர்க்கு மொழிபெயர்க்கட்டும். கட்டணத்தில் ஒரு பங்கு அவர்க்குச் சேரட்டும். சுற்றுலாவை வாட்டும் மாடியிலிருந்து தொடங்காமல் மடுவத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே ஒரு தராசும் நிறைந்த கூடையும் இருந்தாற் போதும்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். ஆலையின் புகைபோக்கியைப் பிறந்த நாள்முதல் கண்டும், உள்ளே கால்வைத்தறியாத பிள்ளைகள் நம் வகுப்பிலே பலர். மாதத்தில் ஒருநாள் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளைக் கட்டணமின்றி அழைக்குமாறு பக்கத்து ஆலைத்துரைக்குக் கடிதம் எழுதுங்கள். எழுதும் வேலையை ஒன்பதாம் வகுப்புக்குக் கட்டுரைப் பயிற்சியாகவே கொடுக்கலாம். சென்று மீண்டபின், அவர்தம் பாட்டிமாரிடம் பேர் எப்படி விழும் என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.